வலக்காது மணி

முதலில் வலது கட்டைவிரல், அப்புறம் இடது. உபதேசம் வாங்கிய அன்றைக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: குந்தி உட்கார்ந்து, முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றி, கட்டைவிரல்களால் காதுகளை அடைத்து, ஊர் உலகத்துக்குக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே என்ன வருகிறது என்று காத்திருக்க வேண்டும். இடப்பக்கம் வருவதைச் சட்டை செய்யக்கூடாது, அது மனசு காட்டும் வேடிக்கை. வலப்பக்கம் வருவதுதான் நாதம், அதிலும் மணியோசையாக வந்துவிட்டால் ஆண்டவன் வீட்டு வாசற்படியில் கால் வைத்தாயிற்று என்று அர்த்தம். போதும்பொண்ணு விரலை வைத்து அழுத்தினாள். கீ என்று ஒரு சத்தம் கிளம்பி உச்சந்தலைக்கு ஏறியது. இத்தனை வருஷத்தில் கேட்டிராத சத்தம். மணி இல்லை, மணியைவிடக் கூர்மை, மணியைவிட உசரம், அடுத்த படியா, மணிக்கப்புறம் சங்கு, சங்குக்கப்புறம் குழல் என்பார்களே, நடுவில் உள்ளதையெல்லாம் தாண்டித் தன்னை ஒரே தூக்காகத் தூக்கிவிட்டானா, நேற்று அழுத அழுகைக்கு இன்றைக்கே கூலியா, உடம்பெல்லாம் புல்லரித்து, சாமி சாமி என்று உதடு தானாக அசைகிறபோது கட்டைவிரல் நுனியில் வழவழவென்று பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. காது மிஷின். நேற்றுச் சாயங்காலம் ஈரோட்டில் மாட்டிவிட்டது. மேலே கையோ தலையணையோ அழுத்தினால் கத்தும், பயப்படாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். விரலை எடுத்ததும் குழல் நின்றது. வெட்கமாக இருந்தது.

இன்றைக்குப் பார்த்தா இப்படி. வருஷத்துக்கு ஒருமுறை வடக்கேயிருந்து சுவாமிஜி வருகிற நாள், பவானியில் கல்யாண மண்டபம் பிடித்திருக்கிறார்கள், புதிதாக உபதேசம் வாங்கப் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணு, வலப்பக்கம் கவனி, அவசரப்படாதே, வரும், என்று தட்டிக்கொடுத்துக் கேட்கப் பழக்க ஒருத்தி வேண்டும், அது அவள்தான் என்று சங்கத்தில் முடிவாகியிருந்தது. முடிவு செய்தவர் சென்னியப்பன், நூல்கடைக்காரர், இந்தப் பக்கத்துச் சங்கத்துக்கு அவர்தான் பொறுப்பு. உள்ளே கேட்பதையும் பார்ப்பதையும் அடுத்தவரிடம் சொல்லக்கூடாது, சொன்னால் போய்விடும் என்பது அந்த வழியின் கட்டளை. பொறுப்பாளர் கேட்டால் மட்டும் சொல்லலாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கேட்டார், இவள் சொன்னாள், மணி கேட்குதுங்க, வலப்பக்கமுங்க, விடாமக் கேட்குதுங்க என்று. சென்னியப்பன் அவளை ஒரு பார்வை பார்த்தார். யாரிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை, ஆனால் அடுத்த கூட்டத்துக்கே அவளுக்கு முன்வரிசையில் பாய் விரிந்தது, தண்ணீர்ச் செம்பு அவளிடம் முதலில் வந்தது, பேங்க் மேனேஜர் சம்சாரம் எழுந்து வழிவிட்டாள். வாயால் சொன்னால்தான் சொன்னதா என்ன. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவருடைய கார் வாசலுக்கு வந்துவிடும். மண்டபத்தில் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து இவள் என்ன சொல்வாள்? எட்டு வருஷமாக இவளைக் கூப்பிட்டது ஆண்டவனா, இல்லை தறிச் சத்தத்தில் செத்துப்போன நரம்பா? இது தெரியாமல் எந்த முகத்தோடு காரில் ஏறுவது.

தறிதான் காரணம் என்றாள் டாக்டரம்மா. சின்ன வயசு, மகள் கோகிலாவைவிடச் சின்னவள், கண்ணாடி போட்ட பதவிசான பெண். குமாரபாளையத்தில் தறி ஓட்டினவங்க பாதிப்பேர் எங்கிட்டத்தான் வருவாங்க என்று சிரித்தாள். முப்பது வருஷம் நாலு விசைத்தறிக்கு நடுவில் நின்றால் காது என்ன இரும்பா. ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் வளையம் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றாள். தூக்கினாள், விட்டாள், தூக்கினாள், ரொம்ப நேரம் தூக்கவே இல்லை, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கோகிலாவின் முகம் சுருங்கிப்போனது. எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில்தான் டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள், காதுக்குள்ள ஏதாச்சும் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குமாம்மா? போதும்பொண்ணு வாயை மூடிக்கொண்டாள். கட்டளை. கோகிலாதான், அவளுக்கு எப்படித் தெரியுமோ, தூக்கத்தில் உளறியிருப்பாளோ, இருக்குதுங்க டாக்டர், மணி கேக்குதுன்னு எங்கப்பன்கிட்டச் சொல்லியிருக்குதுங்க என்று போட்டுடைத்தாள். ஆமாம், ஒரே ஒரு நாள் அவரிடம் சொன்னாள், சந்தோஷம் தாங்காமல், பெண்டாட்டி புருஷனிடம் சொல்வது அடுத்தவரிடம் சொல்வதாகுமா என்று தனக்குத் தானே நியாயம் பேசிக்கொண்டு. மறுபடியும் கண்ணாடி அறை. டாக்டரம்மா ஒரு குமிழைத் திருகிக்கொண்டே வந்தாள், இதா, இதா, இன்னும் மேலயா, கொஞ்சம் கீழயா. திருகித் திருகி வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள், வலக்காதுக்குள் மணி அடித்தது. அதே மணி. அந்த இழைவு, அந்தக் குளிர்ச்சி, கோயில் மணி அடித்து முடிந்தபின் காற்றில் நிற்குமே ஒரு மிச்சம், அது. போதும்பொண்ணு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டாள். பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு, நல்ல மனசுச் சிரிப்புத்தான், குற்றம் சொல்ல முடியாது. பயப்படாதீங்கம்மா, காது எந்தச் சத்தத்தை இழந்ததோ அதை மூளை தானாப் பண்ணிக்கும், மிஷின் மாட்டினா சிலருக்கு அடங்கிரும் என்றாள். மாட்டினாள். அடங்கிவிட்டது. கதவைச் சாத்தியதுபோல் பட்டென்று. எட்டு வருஷம் கூடவே இருந்தது போய்விட்டது. போதும்பொண்ணு அழ ஆரம்பித்தாள், சத்தம் கேட்குதுன்னு சந்தோஷத்துல அழறாங்க என்று நர்ஸ் கோகிலாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

மிஷினைக் கழற்றிப் பார்த்தால் என்ன. இந்த யோசனை இப்போதுதான் வந்தது. பூஜை ரூம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்வது, பழைய பாவுநூல் மூட்டை போட்டுவைத்த அறை, ஒரு பாய், சுவரில் சுவாமிஜி படம். கழற்றினாள். வந்துவிட்டது மணி. போய்விடவில்லை, இங்கேதான் இருக்கிறது, ஐயா, எங்கே போனாய் என்று நெஞ்சு உருகப்போன நேரத்தில், அட எந்த ஐயா, எந்தப் போனாய். மாட்டினாள். நின்றது. கழற்றினாள். வந்தது. பட்டாணி அளவு பேட்டரி ஒன்றைப் போட்டால் ஓடிப்போகிறான், எடுத்தால் திரும்பி வருகிறான், இவனா அண்டசராசரத்தையும் ஆளுகிறவன்? வீட்டுக்காரர் நாச்சிமுத்துவிடம் இதைச் சொன்னால் அவருக்குக் கொண்டாட்டம். அவர் இந்த வழிக்கு வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டவர். உபதேசம் வாங்கினால் கறி, முட்டை, சாராயம் மூன்றையும் விடவேண்டும், அவருக்கோ ஞாயிற்றுக்கிழமைக் கோழி இல்லாமல் வாரம் முடியாது. அவள் சட்டியைத் தொடமாட்டேன் என்றதும் ஒரு சண்டை சச்சரவு இல்லை, கொல்லையில் தனியாக அடுப்பு போட்டுக்கொண்டார், தனிச் சட்டி, தனிக் கரண்டி, தானே அரைத்துத் தானே காய்ச்சித் தானே தின்று தானே கழுவிக் கவிழ்த்துவிடுவார். உன்ற சாமி உனக்கு, என்ற கோழி எனக்கு. எட்டு வருஷத்தில் அவர் அவளிடம் பேசுவதும் குறைந்துபோயிருந்தது, எதைச் சொன்னாலும் என்னங்க, என்னங்க என்று மூன்று தரம் கேட்பவளிடம் எவ்வளவுதான் பேசுவார் மனுஷர். அதை அவள் தன் வைராக்கியத்தில் சேர்த்துக்கொண்டாள். உலகப் பேச்சு நமக்கு அற்றுப்போச்சு, நாதம் நம்மை உள்ளுக்கு இழுக்குது என்று. செவிடாகிக்கொண்டிருந்தாள் என்பதுதான் சங்கதி.

கூப்பிட்டான் என்று நினைத்தேனே. இதுதான் முள், எந்தப் பக்கம் புரண்டாலும் இதுதான் குத்துகிறது. நாலாவதும் பொட்டையா, போதுமடா சாமி என்று அப்பன் மருத்துவச்சியிடம் சொன்னதையே பேராக வைத்துவிட்டார்கள், போதும்பொண்ணு. அந்தக் காலத்தில் அப்படி எத்தனையோ பேர், அவள் ஒருத்தியா, அதற்காக அவள் அழுததில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் வாசிக்கும்போது பிள்ளைகள் சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். பொண்ணு பார்க்க வந்தவர்கள் மூன்றாவது அக்காளைப் பார்க்கத்தான் வந்தார்கள், ஜாதகம் சேரவில்லை, வந்ததுக்குச் சின்னதைப் பார்க்கலாம் என்று எந்தக் கிழவியோ சொல்லி, அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். தறிக்கு ஆள் வராத நாளில் நின்றாள், அப்புறம் எல்லா நாளும் நின்றாள். எவரும் அவளை வேண்டி அழைத்ததில்லை, காலியான இடத்தில் போய் நின்றுகொள்வதுதான் அவள் வாழ்க்கை. அப்படி இருந்தவளுக்குள், உபதேசம் வாங்கி மாசம்கூட ஆகவில்லை, மணி அடித்தது. முன்வரிசைப் பெரிய மனுஷர்களுக்கெல்லாம் அடிக்காத மணி. உன்னைத்தான், உன்னையேதான், அக்காளை இல்லை, ஆள் இல்லாததால் இல்லை, நீதான் வேண்டும் என்று ஒருத்தன் வாசலில் நின்று அடிக்கிற மணி. அன்றைக்கு அவள் மாடியில் ஏறி நின்று ஆற்றைப் பார்த்துச் சிரித்தாள். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அது நரம்பு. வந்ததுக்குச் சின்னதைப் பார்க்கலாம் என்பதுதான் கடைசி வரைக்கும், மேலே போனாலும் அப்படித்தான் சொல்லுவானோ. சொல்லட்டும். இல்லவே இல்லையோ, சொல்வதற்கு ஆளே இல்லையோ. இந்த நினைப்பு வந்ததும் குந்த முடியாமல் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மிஷினை மாட்டிக்கொண்டாள். கழற்றிவைத்துவிட்டுப் பொய் மணிக்குத் தலையாட்டிக்கொண்டிருக்க அவளால் முடியாது. அப்பனுக்கு வேண்டாத மகளானாலும் ரோஷம் என்று ஒன்று உண்டு.

மாட்டியதும் உலகம் கொட்டியது. நேற்றிலிருந்து கொட்டுகிறது, எல்லாம் பெரிசு, எல்லாம் கூசுகிறது, சேலை மடிப்பு உரசினால் காய்ந்த இலையை மிதித்த மாதிரி. ஃபேன் இவ்வளவு முனகுமா. அணில். எங்கோ ஒரு தறி, சடக் சடக், அந்தப் பாழாய்ப்போன சத்தம், அதுகூட இப்போது அழகாகத்தான் இருக்கிறது. பால்காரன் வண்டி வாசலில் வந்து நின்றது, கேன் இரும்புப் படியில் இடித்தது, அதற்கு மேலே அவருடைய குரல், நாச்சிமுத்துவின் குரல், அடக்கி அடக்கி, அதட்டலும் கெஞ்சலுமாக. "மெல்ல வையப்பா. தினமும் சொல்லோணுமா உனக்கு? உள்ள எம்புள்ள சாமிகிட்டப் பேசிக்கிட்டிருக்குது." பால்காரன், அந்தக்காவுக்குத்தான் காது கேக்காதுங்களே என்றான். "அதுக்குக் கேக்காட்டிப் போச்சாது. சாமிக்குக் கேக்குமல்ல." வண்டியை உருட்டிக்கொண்டு போய்த் தெருமுனையில் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அவன் உருட்டிக்கொண்டு போவதும், முனையில் உதைப்பதும், எல்லாம் கேட்டது. தினமுமா? தினமும் சொல்லோணுமா என்றாரே. எத்தனை வருஷமாக வாசலில் காவல் நிற்கிறார் இந்த மனுஷர், கோழி தின்கிறவர், உன்ற சாமி உனக்கு என்றவர்? அவள் உள்ளே மணிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதெல்லாம் வெளியே ஒருத்தர் ஊரையே சத்தம் போடாதே என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார், அது ஒருநாளும் அவள் காதில் விழுந்ததில்லை. போதும்பொண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை, வந்தால் வரட்டும்.

சரி, மணி இல்லை. உட்கார்ந்தாகிவிட்டது, எழுந்துபோய் என்ன செய்ய, கார் வரும்வரை நாமத்தையாவது சொல்லுவோம். உபதேசத்தன்று கொடுத்த வார்த்தைகள், உதடு அசையாமல் மனசால் சொல்ல வேண்டியவை. என்ன வார்த்தை என்று கேட்டால் சொல்லமாட்டாள், கதை சொல்கிற நமக்கே சொல்லவில்லை. முதல் வார்த்தை. அடுத்தது. அடுத்தது. அடுத்தது வரவில்லை. எது, எது அடுத்தது, முன்னாடியா பின்னாடியா, ஐயோ மறந்துபோச்சா, எட்டு வருஷம் சொன்னது, சொன்னாளா? சொன்னதே இல்லை. அப்போதுதான் பிடிபட்டது. உட்கார்ந்ததும் மணி வந்துவிடும், வந்ததும் வார்த்தையைப் போட்டுவிட்டு மணிக்குப் பின்னால் ஓடிவிடுவாள், விருந்தில் சோற்றைத் தொடாமல் பாயசத்துக்கே இலையைக் காட்டுகிறவள் மாதிரி. எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட நாமத்தை முதலிலிருந்து கடைசிவரை முழுசாகச் சொல்லவில்லை. முன்வரிசையாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நேற்று உபதேசம் வாங்கியவளைவிட மட்டம். நல்லது, ஆரம்பிக்கலாம். முதல் வார்த்தை, நிதானமாக, பாவில் அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுவதுபோல. இரண்டாவது. மூன்றாவது. கோகிலா பஸ் ஏறிவிட்டாளா. நாலாவது, ஆ, இதுதான், வந்துவிட்டது. முதலிலிருந்து. கொல்லையில் அம்மி ஓடுகிறது, மிளகு வாசம், ஞாயிற்றுக்கிழமை. முதல் வார்த்தை. வா. அடுத்தது. வா. நாமத்துக்கு நடுவே இந்த ‘வா’ எங்கிருந்து நுழைந்தது, அது கொடுத்த வார்த்தைகளில் இல்லை, அது தானாக வருகிறது, மூச்சு விடும்போதெல்லாம் வருகிறது. வா. யார் யாரைக் கூப்பிடுகிறது? உள்ளே யாரும் கூப்பிடவில்லை, மிஷின் போட்டிருக்கிறது, மணி செத்துவிட்டது, உள்ளே ஒரு சத்தமும் இல்லை, பின்னே யார். நான். நான்தான் கூப்பிடுகிறேன். போதும்பொண்ணு ஆடாமல் அசையாமல் அந்த நினைப்பைப் பார்த்தாள். அவன் மணி அடித்தான், அதனால் வந்தேன் என்று நினைத்திருந்தாள். மணி அடிக்கவே இல்லை. அப்படியானால் எவரும் கூப்பிடாமல் ஒருத்தி எட்டு வருஷம் விடியுமுன் எழுந்து, தலைக்குக் குளித்து, வாய்க்குப் பிடித்த மீனையும் முட்டையையும் விட்டுவிட்டு, முட்டி வலிக்கக் குந்தியிருக்கிறாளே, எதற்கு? ஆசையால். வேறென்ன. அவன்மேல் ஆசை. இதுவரை தன்மேல் எவராவது ஆசைப்பட்டார்களா என்றே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள், அடி பைத்தியமே, நீ ஆசைப்பட்டாயே, அது என்ன சும்மாவா? காலி இடத்தில் போய் நின்றவள் இல்லை இவள். இங்கே இவளை எவரும் நிறுத்தவில்லை, இவளாக வந்தாள், இவளாக அழைத்தாள், அவன் வந்தாலும் வராவிட்டாலும் அழைத்தவள் அழைத்தவள்தான், அதை எந்த டாக்டரும் குமிழைத் திருகி எடுக்க முடியாது. வா. அடுத்த வார்த்தை. வா. நெஞ்சு அகன்றுகொண்டே போனது, விலா எலும்புக்கு அடங்காமல், இவ்வளவு சந்தோஷத்துக்கு உடம்பில் இடம் ஏது. அணில், ஃபேன், அம்மி, தூரத்துத் தறி, எல்லாம் கேட்டது, எதுவும் இடைஞ்சலாக இல்லை, எல்லாவற்றுக்கும் நடுவில் நாமம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் அதுவும் நின்றது. அப்புறம் எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. உள்ளே வெளிச்சம் வந்ததா, தெரியாது. பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கார் ஹாரன் கேட்டது. ஹாரன் கேட்பதே ஒரு புதுமை, இதற்கு முன்னால் வீட்டுக்காரர் வந்து தோளைத் தொட்டுத்தான் சொல்ல வேண்டும். எழுந்தாள், கால் மரத்திருந்தது, சுவரைப் பிடித்து நின்று சிரித்தாள். வாசலில் நாச்சிமுத்து கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார், போயிட்டு வா புள்ள என்று பழக்கத்தில் கத்தினார். கத்தாதீங்க, எனக்குக் கேக்குதுங்க, எல்லாமே கேட்டுதுங்க என்றாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, முகம் சிவந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். சென்னியப்பன் காரின் முன்கதவைத் திறந்துவிட்டார், வெள்ளை வேட்டி, நெற்றியில் ஒன்றும் இல்லாத சுத்தமான முகம், ஐம்பதைத் தாண்டியும் ஒரு பள்ளிக்கூடப் பையனின் பதற்றம் உள்ள மனுஷர். இன்றைக்கு வருகிற பெண்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஓட்டினார், ஒருத்தி நர்ஸ், ஒருத்தி புருஷனை இழந்தவள், ஒருத்திக்குத் தூக்கமே வராதாம், எல்லோரும் உங்களைத்தான் கேட்டார்கள் அக்கா என்றார். ஆற்றுப்பாலம் வந்தது. தண்ணீர் நிறைய ஓடியது. போதும்பொண்ணு தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள், காட்டிவிட்டுச் சொன்னாள். தறி, நரம்பு, கண்ணாடி அறை, குமிழ், பேட்டரி, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. குரல் நடுங்கவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

சென்னியப்பன் பாலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான். ஸ்டியரிங்கைப் பிடித்த கை அப்படியே இருந்தது. கோபமா என்று பார்த்தாள், இல்லை. அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இருபது வருஷமாச்சுங்க்கா நான் உபதேசம் வாங்கி. எனக்கு ஒண்ணுமே கேட்டதில்லீங்க. மணி இல்லை, சங்கு இல்லை, ஒரு ஈ பறக்கற சத்தங்கூட இல்லை. எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு என்ன கேக்குதுன்னு கேக்கறவன் நான்." கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம சங்கத்துல ஒருத்தருக்காச்சும் கேக்குதே, பொய்யில்லைன்னு உங்களைப் பார்த்துத்தான் காலத்தைத் தாட்டிக்கிட்டு வந்தேன்." கண்ணாடியைத் துடைத்தார், மாட்டவில்லை. போதும்பொண்ணுக்கு ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது. இந்த மனுஷர் பிடித்துக்கொண்டு நின்ற கொம்பையல்லவா ஒடித்துவிட்டோம். அடுத்த கணம் அவள் அவரை முழுசாகத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பொய்யாகவாவது ஒரு மணி இருந்தது, ஒரு கூலி இருந்தது. இவருக்கு ஒன்றுமே இல்லை, இருபது வருஷமாக ஒரு பதிலும் வராத வாசலில் தினமும் போய் உட்கார்ந்திருக்கிறார், விட்டுவிட்டு ஓடவில்லை, இப்படியும் ஒருத்தர் ஆசைப்பட முடியுமா? அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கமுடியாத சிரிப்பு. சென்னியப்பன் திகைத்துப்போய்ப் பார்த்தார், அப்புறம் அவருக்கும் உதடு கோணியது, அப்புறம் இரண்டு பேரும் கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள், பாலத்தில் நடந்துபோனவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"வண்டிய எடுங்க தம்பி, நேரமாச்சு" என்றாள் போதும்பொண்ணு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் புள்ளைங்க காதை அடைக்கறதுக்கு முந்தி நாம ரெண்டு பேரும் ஒண்ணு சொல்லிப்போடோணும்."

என்னத்தைங்க்கா என்று கேட்டார் அவர்.

"ஒண்ணுங் கேக்காட்டியும் உக்காரலாம்னு."

சென்னியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.